கைம்மையும் தபுதாரமும்: துணை இழந்தோர்க்கான அரசு உதவித்தொகையும் அதன் சீர்திருத்தமும்

கணவனை இழந்த பெண்ணைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கைம்பெண், விதவை என்று மாணவர்கள் உடனே கூறுவர். வசைச்சொல்லாய்த் தேய்ந்துவிட்ட 'அறுதலி'யையும் மூத்தோர் சிலர் நினைவுபடுத்துவர். மனைவியை இழந்த ஆணுக்கு என்ன சொல் என்று அடுத்துக் கேட்டால் வகுப்பறை அமைதியாகிவிடும். 'மனைவியை இழந்தவர்' என்று விரித்துக் கூறுவதே இன்றைய வழக்கு.

சொல் இல்லாமல் இல்லை. தொல்காப்பியப் புறத்திணையியல், காஞ்சித்திணையின் துறைகளைக் கூறுமிடத்தில், காதலனை இழந்தவள் நிலையைத் 'தாபத நிலை' என்றும் காதலியை இழந்தவன் நிலையைத் 'தபுதார நிலை' என்றும் அடுத்தடுத்து வைக்கிறது. தபுதல் என்பது கெடுதல், இறத்தல். தாரம் என்பது மனைவி. இழப்பு இருபாலார்க்கும் பொது என்பதை இலக்கணம் அறிந்திருந்தது. புறநானூற்றின் 245ஆம் பாடலும் மனைவியை ஈமத்தீயில் இட்டபின் தான் இன்னும் உயிரோடிருப்பதை எண்ணி நொந்த சேரமான் ஒருவனின் பாட்டே. ஆயினும் வழக்கில் கைம்மை நிலைத்தது. தபுதாரம் உரைநூல்களோடு நின்றுவிட்டது. கைம்மையை ஒரு வாழ்நிலையாகவும், அதனினும் கொடிதாக ஒரு தண்டனையாகவும் சமூகம் வகுத்துவைத்ததால் அதற்குச் சொற்கள் பெருகின. ஆணின் இழப்போ மறுமணத்தோடு தீர்ந்துவிடும் ஒரு நிகழ்ச்சியாகக் கருதப்பட்டது.

இந்த ஏற்றத்தாழ்வு தமிழுக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டில் அரசுகள் ஓய்வூதியச் சட்டங்களை இயற்றியபோது அவற்றுள்ளும் இதே குறை புகுந்தது. ஒரு சட்டத்தில் 'கைம்பெண்' என்ற சொல் இருந்து அதன் ஆண்பாற்சொல் இல்லாவிடின், அச்சட்டத்தின்கீழ் யாருக்குப் பணம் செல்லும், யாருக்குச் செல்லாது என்பது அச்சொல்லாலேயே முடிவாகிவிடுகிறது. இதை விளக்க நாம் எடுத்துக்கொள்வது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமூகப் பாதுகாப்புத் திட்டம். அந்நாட்டுச் சட்டத்தை ஈண்டு ஆராய இரண்டு காரணங்கள் உண்டு. அதன் மாற்றங்கள் ஆண்டுவாரியாகப் பதிவாகியுள்ளன என்பது ஒன்று. அதன் திருப்புமுனைகளில் மீண்டும் மீண்டும் பள்ளிக்கூடம் சார்ந்தவர்களே நிற்கிறார்கள் என்பது மற்றொன்று.

கணவன் உழைப்பான், மனைவி எஞ்சுவாள்

1935ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. அன்றைய வடிவில் அது தொழிலாளி ஒருவருக்கான சட்டமே. சம்பளத்திலிருந்து சந்தா பிடிக்கப்படும். முதுமையில் அவருக்கு ஓய்வூதியம் கிடைக்கும். இடையில் இறந்துவிட்டால் ஒரு சிறு மொத்தத்தொகை அவருடைய உடைமைக் கணக்கில் சேரும். குடும்பம் என்ற ஒன்று அதில் இடம்பெறவில்லை.

1939ஆம் ஆண்டுத் திருத்தம் அதைக் குடும்பத்துக்கான திட்டமாக மாற்றியது. தொழிலாளியின் ஓய்வூதியம் நூறு என்று கொண்டால், 65 வயதான மனைவிக்குக் கூடுதலாக 50, அவர் இறந்தபின் 65 வயதான கைம்பெண்ணுக்கு 75, சிறு குழந்தையை வளர்க்கும் கைம்பெண்ணுக்கு எவ்வயதிலும் 75, குழந்தைக்கு 50. கைம்பெண்ணின் பங்கு 1961இல் 82.5 ஆகவும், 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் முழு நூறாகவும் உயர்ந்தது. வயது வரம்பும் படிப்படியாகத் தாழ்ந்து, குறைந்த தொகையோடு 60 வயதிலேயே பெறலாம் என்றாயிற்று. இன்று ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வகை உதவித்தொகையைப் பெறுகின்றனர்.

தாராளமான சட்டந்தான், ஐயமில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு பிரிவிலும் ஒரே படம் வரையப்பட்டிருந்தது. உழைப்பவன் ஆண், அவனை நம்பி வாழ்பவள் பெண். பெண்ணும் உழைத்தாள், அவள் சம்பளத்திலும் அதே விகிதத்தில் சந்தா பிடிக்கப்பட்டது. அவள் இறந்தால் அவளுடைய கணவனுக்கு ஒன்றுமில்லை.

1950இல் 'தபுதாரன்' முதன்முறையாக இச்சட்டத்தினுள் நுழைந்தான். வாயிற்படியிலேயே ஒரு நிபந்தனையும் விதிக்கப்பட்டது. மனைவி உயிரோடிருந்தபோது தன் வாழ்க்கைச் செலவில் பாதியையேனும் அவளிடமிருந்து பெற்றதாக அவன் மெய்ப்பிக்க வேண்டும். கைம்பெண்ணுக்கு அத்தகைய சோதனை இல்லை. அவள் சார்ந்து வாழ்ந்தவள் என்பது கேட்காமலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. 'பாதி' என்பது எளிய நிபந்தனைபோல் ஒலிக்கிறது. கணக்கிட்டுப் பார்ப்போம். குடும்பச் செலவு நூறு. இருவரும் ஆளுக்கு ஐம்பது செலவிடுகின்றனர். கணவனின் ஐம்பதில் பாதி, அதாவது 25, மனைவி தர வேண்டும். தனக்குரிய ஐம்பதையும் அவளே ஈட்ட வேண்டும். ஆகவே குடும்ப வருவாயில் முக்கால் பங்கு அவளுடையதாயிருந்தாலன்றி அவன் தேறமாட்டான். அக்காலத்தில் எத்தனை வீடுகளில் அது நடந்திருக்கும்? சிறு குழந்தையோடு எஞ்சிய இளந்தந்தைக்கோ அக்கதவும் திறக்கவில்லை. குழந்தையை வளர்க்கும் கைம்பெண்ணுக்கான பிரிவின் பெயரே 'தாய்க்கான உதவித்தொகை'.

ஓர் ஆசிரியையின் இறப்பு

பாவ்லா பொலாட்செக் நியூ ஜெர்சி மாநிலத்துப் பள்ளியாசிரியை. 1970இல் ஸ்டீபன் வீசன்ஃபெல்டு என்பவரை மணந்தார். கணவர் அப்போது சொந்தத் தொழிலைத் தொடங்கித் தடுமாறிக்கொண்டிருந்தார். 1971இல் பாவ்லாவின் வருவாய் 10,686 டாலர்; ஸ்டீபனின் வருவாய் 2,188 டாலர். 1972 ஜூன் 5ஆம் நாள், மகன் ஜேசனைப் பெற்றெடுக்கையில் பாவ்லா இறந்தார்.

பிறந்த குழந்தையைத் தாமே வளர்ப்பதென்று ஸ்டீபன் முடிவு செய்தார். சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் விண்ணப்பித்தபோது குழந்தைக்குரிய தொகை அனுமதிக்கப்பட்டது. அது விரைவில் மாதம் 248 டாலர் 30 செண்டாயிற்று. குழந்தையை வளர்க்கும் பெற்றோருக்குரிய அதே அளவான தொகை அவருக்கு மறுக்கப்பட்டது. காரணம், அவர் தாய் அல்லர். பாவ்லா பணியாற்றிய ஆண்டுகளில் அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட சந்தாவில் 'பெண் என்பதால்' ஒரு செண்டும் குறைக்கப்படவில்லை என்பதை இங்கு மறவாதிருப்போம்.

ஸ்டீபன் உள்ளூர் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்தின் வழியே இச்செய்தி சட்டப் பேராசிரியராயிருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க்கை எட்டியது. பிற்காலத்தில், 1993இல், உச்ச நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்தவரே அவர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1975 சனவரி 20ஆம் நாள் வாதாடியபோது, வழக்கறிஞர் மேசையில் தம் அருகிலேயே ஸ்டீபனை அமர்த்திக்கொண்டார் கின்ஸ்பர்க். இழப்புக்கு ஆண் முகமும் உண்டு என்பதை நீதிபதிகள் கண்ணால் காணட்டும் என்பதற்காக.

அரசுத் தரப்பின் வாதம் மேலோட்டமாக நோக்கினால் நியாயமானது. பெண்கள் வேலைச்சந்தையில் தாழ்த்தப்பட்டவர்கள்; ஆகவே அவர்களுக்கு ஒரு சலுகை தரப்பட்டது; இதில் என்ன தவறு? நீதிமன்றம் சட்டத்தின் நோக்கத்தையே திருப்பிக் கேட்டது. குழந்தையை வளர்க்கும் கைம்பெண்ணுக்கு மட்டும் இளவயதிலேயே இத்தொகை ஏன்? எஞ்சிய பெற்றோர் வேலைக்குச் செல்லாமல் வீட்டிலிருந்து குழந்தையைப் பேணும் வாய்ப்பைப் பெறட்டும் என்பதற்கே. அப்படியாயின் அப்பெற்றோர் ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை. 1975 மார்ச் 19ஆம் நாள் எட்டு நீதிபதிகளும் ஒருமித்து ஸ்டீபனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். ஒன்பதாமவர் வழக்கில் பங்கேற்கவில்லை.

முடிவு ஒன்றாயினும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள் ஒன்றல்ல. இவ்வழக்கில் பாதிக்கப்பட்டவர் யார்? உழைத்துச் செலுத்திய சந்தாவுக்குரிய பாதுகாப்பைத் தன் குடும்பத்துக்குப் பெற்றுத்தர முடியாத பாவ்லா என்று பெரும்பான்மை நீதிபதிகள் முதன்மையாகக் கருதினர். தந்தை என்ற நிலையில் ஸ்டீபனும் பாதிக்கப்பட்டவரே என்று சிலர் அதனோடு சேர்த்துக்கொண்டனர். ரென்குவிஸ்ட் என்னும் நீதிபதி மட்டும் குழந்தையைச் சுட்டினார்: இறந்தது தாயா தந்தையா என்பதற்கேற்ப ஒரு குழந்தைக்குப் பெற்றோரின் அரவணைப்பைத் தருவதும் மறுப்பதும் பொருந்தாது என்றார். எம் கருத்தில் மூன்றாவதே மிக எளியது, மறுக்கவியலாதது. மாணவர்கள் இதனை ஒரு வாதப்பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரே அநீதியை மூவர் இடத்திலிருந்து நோக்கும்போது மூன்று வேறு வாதங்கள் பிறக்கின்றன.

இக்கதையின் பிற்பகுதியையும் சொல்லிவிடுவோம். 1998இல் ஜேசனின் திருமணத்தையும், 2014இல் ஸ்டீபனின் மறுமணத்தையும் நடத்திவைத்தவர் கின்ஸ்பர்க்கே. அறுபதைக் கடந்தபின் நிகழ்ந்த மறுமணம் அது. அவ்வயதுக்கு அமெரிக்கச் சட்டத்தில் தனிப் பொருள் உண்டு. தொடக்கத்தில் மறுமணம் செய்த கைம்பெண் உதவித்தொகையை இழந்தாள். 1965இல் அறுபதுக்குமேல் மணந்தால் ஒரு பகுதி மட்டும் குறையும் என்றாயிற்று. 1977ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குறைப்பையும் நீக்கியது. ஐம்பத்தொன்பதில் மணப்பவர்க்கு மட்டும் இன்றும் அது தடையே. ஓராண்டு காத்திருங்கள் என்று மணமக்களுக்குச் சட்டமே அறிவுரை கூறுவதுபோல் உள்ளது.

சிறு ஆணிகள் சிலவும் இச்சட்டத்தில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. துணை இறந்தவுடன் ஈமச்செலவுக்கென ஒரு மொத்தத்தொகை உண்டு. 1954இல் அதற்கு 255 டாலர் உச்சவரம்பு வைத்தனர். இன்றும் அது 255 டாலரே. எழுபதாண்டு விலைவாசி அத்தொகையைத் தொடாமலே கடந்து சென்றுவிட்டது. இறந்தவரின் இளைய குழந்தைக்குப் பதினாறு வயதானதும் அதை வளர்த்த தாய் அல்லது தந்தைக்குரிய தொகை நின்றுவிடும். பின் அறுபது வயதில்தான் மீண்டும் தொடங்கும். முப்பதுகளில் துணையை இழந்து பிள்ளை வளர்ப்பில் பத்தாண்டுகளைச் செலவிட்ட ஒருவர், நாற்பத்தைந்து வயதில் திறன் மங்கிய நிலையில் வேலை தேடிப் புறப்பட வேண்டும். பிள்ளை வளர்க்கும் காலத்திலேயே வேலைக்குச் சென்றாலும் சிக்கல் உண்டு. 2025இல் ஆண்டு வருவாய் 23,400 டாலரைத் தாண்டினால், அதற்குமேல் ஈட்டும் ஒவ்வோர் இரண்டு டாலருக்கும் ஒரு டாலர் உதவித்தொகையிலிருந்து கழிக்கப்பட்டது.

மாணவர்களை நேரடியாகத் தொட்ட பிரிவு ஒன்றும் இருந்தது. 1965 முதல், பெற்றோரை இழந்த பிள்ளைகள் முழுநேர மாணவராயின் 22 வயதுவரை உதவித்தொகை பெற்றனர். 1981இல் சிக்கனத்தின் பெயரால் அதனை நீக்க முடிவாயிற்று. 1982 மே மாதத்துக்குள் கல்லூரியில் சேராதோருக்கு இல்லை என்றனர். இந்நீக்கத்தின் விளைவைப் பொருளியலறிஞர் சூசன் டைனார்ஸ்கி 2003இல் வெளியிட்ட ஆய்வில் அளந்து காட்டினார். தந்தையை இழந்த மாணவர் கல்லூரிக்குச் செல்லும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்திருந்தது. படிப்புக்கான பண உதவி படிப்பை உண்மையிலேயே கூட்டுகிறதா என்ற பழைய கேள்விக்குக் கிடைத்த தெளிவான விடைகளுள் இது ஒன்று. அவ்விடைக்கு விலை கொடுத்தவர் தந்தையற்ற பிள்ளைகள் என்பதுதான் நெருடுகிறது.

எழுத்தரின் கணவரும் ஆசிரியையின் ஓய்வூதியமும்

ஹேனா கோல்ட்ஃபார்ப் நியூயார்க் நகரப் பள்ளிகளில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுத்தராகப் பணிபுரிந்து, தவறாமல் சந்தா செலுத்தி, 1968இல் இறந்தார். அவர் கணவர் லியோன் கூட்டரசுப் பணியில் ஓய்வுபெற்றவர். தம் செலவில் பாதியை மனைவியிடமிருந்து பெற்றதாக மெய்ப்பிக்க இயலாததால் அவருக்கு உதவித்தொகை மறுக்கப்பட்டது. 1977 மார்ச் 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்தச் சோதனையே செல்லாதென்று தீர்ப்பளித்தது. இம்முறை ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். தபுதாரன் கைம்பெண்ணுக்கு நிகராயினான்.

வெற்றி பெற்ற சீர்திருத்தம் பிறிதொரு வீட்டில் இடியாய் இறங்கியதை இனிக் காண்போம்.

அமெரிக்காவில் எல்லாப் பணியாளரும் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் இல்லை. 1935இல் மாநில அரசுகளிடமிருந்து கூட்டரசு வரி வாங்கலாமா என்ற அரசியலமைப்பு ஐயத்தால் மாநிலப் பணியாளர் விலக்கப்பட்டனர். பிற்காலத்தில் பலர் சேர்க்கப்பட்டாலும் டெக்சஸ், கலிபோர்னியா, இல்லினாய், ஒகையோ, மாசசூசெட்ஸ், லூசியானா முதலிய மாநிலங்களில் பள்ளியாசிரியர் பெரும்பாலும் தனி ஓய்வூதியத் திட்டத்திலேயே நீடிக்கின்றனர். லியோனைப் போன்ற அரசுப் பணியாளர் ஆயிரக்கணக்கில், தம் சொந்த ஓய்வூதியத்தோடு மனைவியின் கணக்கிலிருந்தும் முழுத்தொகை பெறுவரே என்ற அச்சம் நாடாளுமன்றத்தைப் பற்றிக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே 'அரசு ஓய்வூதியக் கழிவு' என்னும் விதி பிறந்தது. சமூகப் பாதுகாப்பில் சேராத அரசுப் பணியால் ஒருவர் பெறும் ஓய்வூதியம், துணையின் கணக்கிலிருந்து அவருக்கு வரவேண்டிய தொகையில் டாலருக்கு டாலர் கழிக்கப்படும். 1983இல் அதனை மூன்றில் இரண்டு பங்காகத் தளர்த்தினர்.

ஆண்களை எண்ணி இயற்றிய விதியில் பெரிதும் அகப்பட்டோர் பெண்கள், அவர்களுள்ளும் ஆசிரியைகள். மாநில ஓய்வூதியம் 3,000 டாலர் பெறும் ஓர் ஆசிரியையை எண்ணுவோம். தனியார் நிறுவனத்தில் உழைத்து இறந்த அவர் கணவரின் கணக்கில் கைம்பெண்ணுக்குரியது 1,800 டாலர். 3,000இல் மூன்றில் இரண்டு பங்கு 2,000. அது 1,800ஐ விழுங்கிவிடுகிறது. கிடைப்பது சுழியம். கணவர் நாற்பதாண்டு செலுத்திய சந்தா எங்கே போயிற்று என்று அவர் கேட்பார். அதிலும் பலருக்கு இவ்விதி இருப்பதே துணை இறந்து விண்ணப்பத்தாளை நீட்டிய பின்னரே தெரியவந்தது. துக்க வீட்டுக்கு வரத்தகாத செய்தி அது.

ஆயினும் இவ்விதியை வெறும் கொடுமை என்று தள்ளிவிட இயலாது. அதன் உள்ளே ஒரு நியாயம் இருந்தது. அதை அறிய அடுத்த வீட்டுக்குச் செல்ல வேண்டும்.

அடுத்த வீட்டுப் பெண்மணி ஒரு கடையின் கணக்கர். சமூகப் பாதுகாப்பில் சந்தா செலுத்தி வந்தவர். அவருடைய சொந்தத் தொகை 1,400 டாலர். முதலாளி தரும் ஓய்வூதியம் 700 டாலர். இறந்த கணவரின் கணக்கில் 1,800 டாலர். அமெரிக்கச் சட்டப்படி எவரும் இரண்டு சமூகப் பாதுகாப்புத் தொகைகளை முழுதாகப் பெற முடியாது, பெரியதே கிடைக்கும். ஆகவே அவர் பெறுவது 1,800ம் 700ம், ஆக 2,500. இப்போது மாநில ஓய்வூதியம் 2,100 பெறும் ஓர் ஆசிரியையைக் காண்போம். அவர் கணவரின் கணக்கிலும் 1,800. மூன்றில் இரண்டு பங்கான 1,400ஐக் கழித்தால் மிச்சம் 400. அதனோடு 2,100. அவருக்கும் 2,500. ஆசிரியையின் ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சமூகப் பாதுகாப்புக்கு ஈடாகவும், எஞ்சியதை முதலாளி ஓய்வூதியத்துக்கு ஈடாகவும் சட்டம் எண்ணியது என்பது இப்போது விளங்கும். அந்தப் பின்னம் எல்லார்க்கும் பொருந்தியதா என்பது வேறு கேள்வி. ஒரே பின்னத்தால் எல்லாருடைய வாழ்வையும் அளந்ததே அவ்விதியின் குறை.

ஆசிரியர் சங்கங்களும் காவலர், தீயணைப்பாளர் அமைப்புகளும் பல்லாண்டுகள் போராடின. 2024 இறுதியில் இரு அவைகளிலும் பெரும்பான்மையோடு நிறைவேறிய சமூகப் பாதுகாப்பு நியாயச் சட்டம் 2025 சனவரி 5ஆம் நாள் கையெழுத்தானது. கழிவு விதியும், பணியாளரின் சொந்தத் தொகையைக் குறைத்த அதன் இணைவிதியும் 2024 சனவரி முதலான தொகைகளுக்கு நீங்கின. பயன்பெறுவோர் 28 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். பத்தாண்டுச் செலவு 19,600 கோடி டாலர் அளவில் இருக்குமென நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் கணித்தது.

நம் ஆசிரியைக்கு இனி 2,100ம் 1,800ம் சேர்ந்து 3,900. அடுத்த வீட்டுக் கணக்கர்க்கு அதே 2,500. ஆசிரியர்களுக்கென எழுதும் கட்டுரையில் இதைச் சொல்வது உவப்பானதன்று. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கழிவு விதியை நீக்கியது ஒரு வலியைத் தீர்த்தது; சமன்பாட்டை உடைத்தது. ஒவ்வொருவரும் எத்தனை ஆண்டு திட்டத்தினுள் இருந்தார், எத்தனை ஆண்டு வெளியே இருந்தார் என்பதற்கேற்ப விகிதமாய்க் கணக்கிடும் முறை பலமுறை முன்மொழியப்பட்டது. நேர்மையான வழி அதுவே என்பது எம் துணிபு. முற்றாக நீக்குவது விளக்கவும் வாக்குக் கேட்கவும் எளிது. அதனால் அதுவே வென்றது.

இரு சம்பள வீடு

கணக்கரின் வீட்டிலேயே சற்று நிற்போம். தம் கணவரின் 1,800ஐப் பெறும் அவர், வாழ்நாளெல்லாம் தாம் செலுத்திய சந்தாவின் பயனாகிய 1,400ஐ இழக்கிறார். வேலைக்கே செல்லாதிருந்தாலும் அவருக்கு இந்த 1,800 கிடைத்திருக்கும். ஆசிரியையின் கேள்வியை அவரும் கேட்கலாம்: நான் செலுத்தியது எங்கே?

இரு குடும்பங்களை ஒப்பிடுவோம். முதல் குடும்பத்தில் கணவர் மட்டும் உழைத்தார். அவர் ஓய்வூதியம் 2,000, மனைவிக்குக் கூடுதல் பாதி 1,000, ஆக 3,000. கணவர் இறந்தபின் கைம்பெண்ணுக்கு 2,000, அதாவது மூன்றில் இரண்டு. இரண்டாம் குடும்பத்தில் இருவரும் உழைத்து ஆளுக்கு 1,500 பெறுகின்றனர், அவர்களுக்கும் 3,000தான். ஒருவர் இறந்தால் மற்றவர்க்கு 1,500 மட்டுமே. வருவாய் பாதியாகிறது. வாடகையும் மின்கட்டணமும் பாதியாவதில்லை. அமெரிக்க அரசின் வறுமைக்கோட்டுக் கணக்கே, முதியவர் ஒருவர்க்கு முதிய இணையரின் செலவில் ஏறத்தாழ 79 விழுக்காடு தேவை என்று கொள்கிறது.

1939ஆம் ஆண்டுப் படம் முதல் குடும்பத்துக்கு வரையப்பட்டது. இன்றைய வீடுகள் பெரும்பாலும் இரண்டாம் வகையின. பெண்கள் வேலைக்குச் செல்லச் செல்லச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்குச் சுருங்கிக்கொண்டே வருகிறது என்பதே இதிலுள்ள முரண். பல்லாண்டுகளாக முன்வைக்கப்படும் திருத்தம் இது: இருவரும் தம் உழைப்பால் ஈட்டிய தொகைகளின் கூட்டில் 75 விழுக்காடு, அல்லது இன்றைய விதிப்படி கிடைப்பது, இவ்விரண்டில் எது மிகுதியோ அது எஞ்சியவர்க்கு. அப்படியாயின் இரண்டாம் வீட்டில் எஞ்சியவர் 2,250 பெறுவார். முதல் வீட்டார் எதையும் இழக்கமாட்டார்.

பணம் எங்கிருந்து வரும்? ரிச்சர்டு பர்க்கௌசர், டிமோத்தி ஸ்மீடிங் என்னும் அறிஞர் இருவர் 1994இல் ஒரு வழி கூறினர். இருவரும் உயிரோடிருக்கையில் மனைவிக்கோ கணவர்க்கோ தரும் கூடுதலைப் பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைத்து, அம்மிச்சத்தை எஞ்சியவர்க்குக் கூட்டுவது. இருவராய் இருக்கும்போது சற்றுச் சுருக்கம். தனித்தபின் சற்றுத் தாராளம். காப்புறுதியின் இயல்புக்கு இது ஒத்ததே. ஆனால் மணமுறிவு பெற்று, முன்னாள் கணவர் உயிரோடிருக்க, அந்தப் பாதியை மட்டும் நம்பி வாழும் முதிய பெண்ணுக்குச் சுருக்கம் மட்டுமே மிஞ்சும். ஆதலால் அத்திட்டம் அவ்வாறே ஏற்கப்படவில்லை.

நம் படிவங்களில்

இவை அயல்நாட்டுக் கணக்குகள் என்று விலகி நிற்பதற்கில்லை. மலேசியாவில் 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பெர்கேசோ வழங்கும் 'பென்சன் பெனாக்காட்' என்னும் ஓய்வூதியத்தில் ஐந்தில் மூன்று பங்கு துணைக்கும், ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் செல்கிறது. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி வேறு வழியில் இயங்குகிறது. அங்கு எஞ்சிய சேமிப்பு நியமனம் செய்யப்பட்டவரைச் சேரும். நியமனத் தாளில் எழுதிய பெயரே முடிவு செய்யும். திருமணத்துக்குமுன் தாயின் பெயரை எழுதிவைத்தவர், திருமணம் அந்நியமனத்தை நீக்கிவிடும் என்பதை அறியாமல் புதிதாக எழுத மறந்தால் என்னவாகும் என்பதை உயர்நிலை மாணவர்கள் பெற்றோரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மலாய்ப் படிவங்களில் கணவனை இழந்தவளுக்குப் 'பாலு' என்றும் மனைவியை இழந்தவனுக்கு 'டூடா' என்றும் இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. தமிழாக்கம் செய்வோர்க்குத்தான் தடுமாற்றம். 'பெனாக்காட்' என்பதை 'உயிர் பிழைத்தவர்' என்று பெயர்த்தால் விபத்தில் தப்பியவர் என்று பொருள்படும். 'வாரிசு' என்றால் சொத்துரிமை வழக்கில் சென்று முட்டும். 'கைம்பெண் ஓய்வூதியம்' என்றால் ஸ்டீபனைப் போன்றவர் அது தமக்கில்லை என்றெண்ணித் தாளைத் திருப்பி வைத்துவிடுவார். 'துணை இழந்தோர்' என்பது இருபாலார்க்கும் பொருந்துகிறது, பிள்ளைகளை விட்டுவிடுகிறது. 'எஞ்சியோர்' என்பது எல்லாரையும் தழுவும். ஆனால் துயரத்தில் இருப்பவரிடம் அதனைச் சொல்லும்போது மீந்துபோனவர் என்ற ஒலி கேட்கிறது. இக்கட்டுரையில் நாம் இரண்டையும் இடத்துக்கேற்ப ஆண்டுள்ளோம். தபுதாரனை மீண்டும் வழக்குக்குக் கொணர்வதா, பால்காட்டாத புதுச்சொல் ஒன்றைப் படைப்பதா என்பதைச் சொற்பொழிவுக்குப் பின்னான கலந்துரையாடலுக்கு விடுகின்றோம்.